வேப்பிலை செருகிய இழுப்பறை

எழுத்தர் வேலை பார்க்கும் அப்பாசாமி கிராணியை முடிவெட்டும் கடையிலிருந்து பாதித் தலையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போன கதை மலாக்காவின் காஜா பெராங்கில் எல்லாருக்கும் தெரியும். கழுத்தில் சுற்றிய வெள்ளைத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. ஆஸ்பத்திரி ஆள் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, "கிராணி, டாக்டர் ஒரு பேப்பர் தேடுறாரு, கெடைக்கல," என்றான். அவ்வளவுதான். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, ஒரு பக்கம் முடியும் ஒரு பக்கம் மொட்டையுமாக அவர் போனதைப் பார்த்து தெரு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். அப்போது அவருக்கு அலுப்பு இவ்வளவு முற்றியிருக்கவில்லை.

மலாக்கா டவுனில் மாடிப்படிக்குப் பின்னால் ஓர் இருட்டறை உள்ள ஆஸ்பத்திரி அது. அந்த அறையில்தான் மருத்துவ சஞ்சிகைகள் இருந்தன. லண்டனிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கப்பலில் கட்டுக்கட்டாக வரும். அப்பாசாமி அவற்றைப் பிரித்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அட்டை எழுதி, சிறு சிறு இழுப்பறைகள் வைத்த ஒரு தேக்கு அலமாரியில் அடுக்குவார். டாக்டருக்கோ, காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசருக்கோ, மிஸி என்று எல்லாரும் கூப்பிடுகிற நர்சுகளுக்கோ ஒரு சந்தேகம் வந்தால், அட்டையைப் பார்த்து வேண்டிய சஞ்சிகையைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். ஏற்பாடு என்னவோ அப்படித்தான்.

நடந்தது வேறு. பெரிய நூலகங்களில் செய்கிற மாதிரி செய்ய வேண்டும் என்ற ஆசையில், கட்டுரை எழுதியவர் பெயர் வரிசைப்படி அட்டைகளை அடுக்கிவிட்டார். அலமாரி பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இழுத்து இழுத்து மூச்சுவிடும் பிள்ளையின் கட்டிலை விட்டு ஓடிவருகிற மிஸிக்கு, எங்கோ எடின்பரோவில் இருக்கிற துரையின் பெயர் எப்படித் தெரியும்? அவள் அலமாரியைப் பார்க்க மாட்டாள். அப்பாசாமியின் முகத்தைப் பார்ப்பாள்.

டிரெசர் லிம் ரப்பர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்த சீனர். தமிழ் தண்ணீர் மாதிரி வரும். கதவைத் தள்ளிக்கொண்டே கேட்பார். "கிராணி, மண்ணெண்ண குடிச்ச புள்ள ஒன்னு வந்திருக்கு. அந்தப் பேப்பர் எங்க லா?"

"அலமாரியில இருக்கு."

"அலமாரியில இருக்குன்னு எனக்கும் தெரியும். கடல்ல மீன் இருக்குன்னு சொல்ற மாதிரி சொல்றீங்க."

அப்பாசாமி எடுத்துக் கொடுப்பார். கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த ஆள். மதியச் சோற்றில் கை வைத்திருக்கும்போது ஒருவர், காய்ச்சலில் போர்த்திப் படுத்திருக்கும்போது ஒருவர். கோயிலில் திருநீறு வாங்கக் கையை நீட்டியபோது, பின்னால் நின்ற ஆயா அவர் காதில் ஒரு நோயின் பெயரைச் சொல்லி அட்டை எங்கே என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில என்னமோ உங்களத்தான் அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்காங்கன்னு நெனைக்கிறேன்," என்பாள் மனைவி ருக்மணி. "வீட்டுக்கு வர்றது வெறும் சட்டைதான்."

அவர் அந்தச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினால் பெயர்கள் ஓடும். உறக்கத்திலும் யாரோ அவரைத் தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆகவே அவருக்கு ஒரே ஓர் ஆசை வந்தது. தெங்கேராவில் கடலைப் பார்த்தாற்போல ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான ஒரு சின்ன மருந்தகம் இருந்தது. அங்கே சீட்டுக் கொடுக்கிற கிராணி ஓய்வு பெறப்போகிறார். சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும், பெயரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். யாரும் எதையும் தேடி வரமாட்டார்கள். அந்த நாற்காலியை நினைத்தாலே அப்பாசாமிக்குத் தோள் தளர்ந்தது.

அது ஐம்பத்தேழாம் வருஷம். ஆகஸ்டில் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், என்று நாள் குறித்தாகிவிட்டது. பெரிய டாக்டராக இருந்த வெள்ளைக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட, அவர் நாற்காலியில் ராஜரத்தினம் உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கோபமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வருகிற மனிதர். அப்பாசாமி இடமாற்றம் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்ன காணும், நீர் போனால் அந்த அலுமாரியோட ஆர் கதைக்கிறது?"

"வேற ஒரு ஆளப் போடலாம் டாக்டர்."

"போடலாம். அவன் வந்து, நீர் எங்க எதை ஒளிச்சு வச்சிருக்கிறீர் எண்டு கண்டுபிடிக்க, எனக்கு மயிர் நரைச்சுப் போம்." கண்ணாடியை மறுபடி மாட்டினார். அப்பாசாமியின் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை அவர் கவனித்திருக்க வேண்டும், குரல் தணிந்தது. "உம்மைப் பிடிச்சுக் கட்டிவைக்க எனக்கு விருப்பமில்லை. ஒண்டு செய்யும். நீர் வெளியில இரும். ஒரு மிஸி உள்ளுக்குப் போய், உம்மைக் கேக்காம, தேவையான கட்டுரையைத் தானே எடுத்துக்கொண்டு வரட்டும். அண்டைக்கே கையெழுத்துப் போடுறன். விளங்குதே?"

விளங்கியது. அலமாரி தானாகப் பேசினால் அவருக்கு விடுதலை. பேசாவிட்டால் பாதித் தலையோடு ஓடவேண்டியதுதான்.

அதன்பிறகு அவர் ஒரு வேலை செய்தார். யார் வந்து என்ன கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்காமல், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார். அவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று பார்த்தார். இத்தனை காலம் அங்கே இருந்தும் அதை மட்டும் அவர் பார்த்ததே இல்லை.

லிம் தேடும்போது நோயின் பெயரை நினைப்பதில்லை. தன் வயிற்றைத் தடவிக்கொள்வார். நோயாளிக்கு எங்கே வலியோ அங்கே அவர் கை போகும். மிஸிகள் கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் கண்டதை முணுமுணுப்பார்கள்: உதடு நீலம், கால் வீக்கம், தோலெல்லாம் தடிப்பு. பெயர் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வருகிறது. சில சமயம் வருவதே இல்லை. அவரோ பெயரை வாசலில் காவலுக்கு நிறுத்தி வைத்திருந்தார்.

அட்டைகள் முழுவதையும் கொட்டிக் கவிழ்த்தார். எழுதியவர் பெயரைத் தள்ளிவிட்டு, கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டு அடுக்கினார். மூச்சு ஓர் இழுப்பறை, வயிறு ஓர் இழுப்பறை, பிள்ளைப்பேறு ஒன்று, இருமல் ஒன்று. நெஞ்சும் மூச்சும் சேருகிற கட்டுரைக்கு இரண்டு இடத்திலும் அட்டை. கை வலித்தது. முதுகு, ஈரத்தில் ஊறிய பலகை மாதிரி விறைத்தது. ஆனால் ஒவ்வோர் இழுப்பறை நிறையும்போதும் தெங்கேராக் கடல் கொஞ்சம் கிட்ட வந்தது.

முகப்புச் சீட்டுகளை ஆங்கிலத்தில் எழுதினார். வரப்போகிற நாட்டுக்கு மலாய்தானே மொழி என்று அடியில் மலாயிலும் எழுதினார். அவசரத்தில் ஓடிவருகிறவர் கண்ணில் உடனே படவேண்டிய கொள்ளை நோய்களுக்கு மட்டும் கொட்டை எழுத்து, சிவப்பு மை. அதில் முதல் சீட்டு, உடம்பெல்லாம் முத்து முத்தாகப் போடுகிற நோய்க்கு. மலாயில் அதன் பெயர் சச்சார். அந்தப் பெயரை அறையின் மறுகோடியிலிருந்தே படிக்கலாம். அப்பாசாமிக்குத் தன் எழுத்தைப் பார்த்து ஒரு திருப்தி.

சோதனை நாள் தானாகவே வந்தது. பேறுகாலப் பெண் ஒருத்தி உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வந்து சேர்ந்தாள். பிறக்கிற பிள்ளையைத் தாயின் பக்கத்தில் விடலாமா, பிரித்து வைக்க வேண்டுமா? டாக்டர் ராஜரத்தினம், "போன வருஷத்துச் சஞ்சிகையில ஒரு கட்டுரை வந்தது," என்று சொல்லி, சிவகாமி மிஸியை அனுப்பினார். அப்பாசாமியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

சிவகாமி கம்போங் செட்டியில் பிறந்தவள். பரம்பரை பரம்பரையாக மலாக்காவிலேயே இருக்கிற செட்டிக் குடும்பம். புடவையைவிட சாரோங்கும் கெபாயாவும் அவர்களுக்கு வசதி. பேச்சு மலாய், சாமி கும்பிட மட்டும் சில தமிழ்ச் சொற்கள். நல்ல நர்ஸ். பதற மாட்டாள். அவள் உள்ளே போனபோது அப்பாசாமிக்கு நம்பிக்கையாகவே இருந்தது.

இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. பிள்ளைப்பேறு. மூடியது. இன்னொன்று. காய்ச்சலாக இருக்கும். மூடியது. பிறகு சத்தமே இல்லை. அவள் வெளியே வந்து தலையைக் குனிந்தபடி, "தா அடா," என்றாள். இல்லை என்று அர்த்தம்.

"இருக்கே!" என்று அப்பாசாமி எழுந்துவிட்டார். "நானே எழுதி வச்சேன்!"

"உள்ளுக்குப் போய் எடுத்துவாரும்," என்றார் டாக்டர். அதில் கோபமில்லை. அதுதான் அப்பாசாமிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

உள்ளே போனார். சிவப்புச் சீட்டு ஒட்டிய இழுப்பறையின் பித்தளை வளையத்தில் ஒரு வேப்பங்கொத்து செருகியிருந்தது. பலகையில் மஞ்சள் தீற்றல். யாரோ ஒரு செம்பருத்திப் பூவையும் மேலே வைத்திருந்தார்கள். இழுப்பறையைத் திறந்தார். அட்டைகள் அவர் வைத்த மாதிரியே, ஒரு விரல் படாமல் நின்றன. கட்டுரையை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அந்த வேப்பிலையின் முன்னால் நெடுநேரம் நின்றார். சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. படுத்துக்கொள்ளலாம்போல இருந்தது.

லிம் எட்டிப் பார்த்தார். "என்ன கிராணி, அலமாரிக்குக் காப்புக் கட்டியாச்சா? கூழ் எப்ப ஊத்தறீங்க?"

"போய்யா அந்தாண்ட."

வேலை முறை முடிந்து கிளம்பிய சிவகாமியை அவர் வாசலில் நிறுத்தினார். அவர்கள் பேசிக்கொண்டது மலாயில்.

"நீதான் வச்சியா?"

"நான் எல தான் வச்சேன். பூ யாரு வச்சாங்கன்னு தெரியாது, கிராணி."

"ஏன் தெறக்கல? உள்ளதானே இருந்துச்சு?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். "எங்க கோயில்ல கொடி ஏறியாச்சு. அம்மனுக்கு, எங்க டத்தோவுக்கு, நோன்பு நடக்குது. இந்த நாள்ல அவங்க பேர நாங்க வீட்ல சொல்லவே மாட்டோம். சும்மாச் சொன்னாக்கூடக் கூப்பிட்ட மாதிரி. கூப்பிட்டா வருவாங்க." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க செவப்புல, அவ்ளோ பெருசா எழுதி வாசல்ல ஒட்டியிருக்கீங்க. அதுல கைய வச்சு இழுன்னா எப்படி லா? எனக்கு வீட்ல ரெண்டு புள்ள இருக்கு."

"நர்ஸ் நீ. கொப்புளத்துக்கு மருந்து போடறே. தொட்டுக் கழுவறே."

"தொடறது வேற. அது அவங்க இருக்கிற எடம், தொடலாம். வாசல்ல நின்னு பேர் சொல்லி அதட்டறது வேற. நீங்க உங்க மாமியாரப் பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா?"

அப்பாசாமி அறைப்பக்கம் கையைக் காட்டினார். "அப்ப உள்ள அட்டையில பேர் இருக்கே, அது?"

"உள்ள இருக்கட்டும். அது டாக்டருங்க எழுதினது. அவங்க வீட்டுக்குள்ள அவங்க பேர் இருக்கும்தானே." சொல்லிவிட்டு, செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறவள்போல, "டாக்டர்கிட்ட சொல்லணும்னுதான் நெனைச்சேன். வெக்கமா இருந்துச்சு," என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மாரியம்மன் கோயில் பக்கம் மேளம் கேட்டது. செட்டி வீடுகளின் வாசல்களில் வேப்பிலைத் தோரணம். தினமும் அதன் வழியாகத்தானே போகிறோம் வருகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

ருக்மணியிடம் கேட்டார். "நம்ம பெரியவனுக்குச் சின்ன வயசுல வந்துச்சே, அதுக்கு என்னான்னு சொன்னே நீ?"

"அம்மா போட்டிருக்குன்னு சொன்னேன்."

"பேர் சொல்லலியா?"

"சொல்லுவாங்களா யாராச்சும்? நீங்களே சொல்லலியே. ஆபீசுக்கு லீவு எழுதறப்பகூட, புள்ளைக்கு ஒடம்பு சரியில்லைன்னுதானே எழுதுனீங்க." சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், யாருக்கு வந்திருக்கு?"

"அலமாரிக்கு," என்றார்.

அவள் முறைத்துவிட்டுச் சோறு போடப் போனாள். அப்பாசாமி தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். தானும் சொல்லாத பெயரைத்தான் ஆங்கிலம் படித்த கை எழுதியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்ததும் கை வேறு ஆளாகிவிடுகிறது போல.

மறுநாள் வேறொன்றும் கண்ணில் பட்டது. 'இருமல்' என்ற இழுப்பறைக்குக் கீழே ஒன்றில் காசநோயின் பெயரைச் சிவப்பில் எழுதியிருந்தார். அதன் முன்னால் ஒரு பெரிய ஆயா, கையில் துடைப்பத்தோடு, நெடுநேரம் பெருக்கின இடத்தையே பெருக்கினாள். அறையில் ஆள் இருக்கிறவரை அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் வேண்டுமென்றே எழுந்து வெளியே போனதும், உள்ளே இழுப்பறை சன்னமாகத் திறந்தது. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். ஆனாலும் அவளுக்கு ஏதோ தெரிய வேண்டியிருந்தது, அவள் அங்கே நின்றதை யாரும் பார்க்கக் கூடாது. யார் வீட்டில் இருமலோ.

அவர் சிவப்புச் சீட்டுகளை ஈரத்துணி வைத்து ஒவ்வொன்றாக உரித்தார். பழைய மருந்துக் கம்பெனி விளம்பரம் ஒன்றின் பச்சை அட்டையை வெட்டி, ஓர் இலை. அதை அம்மன் இழுப்பறையில் ஒட்டினார். மூச்சுக்கு ஒரு விசிறி. வயிற்றுக்கு ஒரு பானை. அதை லிம் வரைந்துகொடுத்தார், பானைக்குத் தொப்புளும் வைத்து. காசநோய் அட்டைகளை இருமலுக்குள்ளேயே பின்வரிசைக்குக் கொண்டுபோனார். பெயர்கள் எல்லாம் இழுப்பறைக்குள்ளே போய் உட்கார்ந்தன. அலமாரியும் கதவு பக்கம் கொஞ்சம் முதுகைக் காட்டித் திரும்பியது, யார் எதைத் திறக்கிறார்கள் என்று வராந்தாவில் போகிறவர்களுக்குத் தெரியாதபடி.

டாக்டர் ராஜரத்தினம் வந்து பார்த்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பானையில் நின்றார்.

"இது என்ன காணும், ஆஸ்பத்திரியோ, பிள்ளையளின்ர பாலர் பள்ளியோ?"

"தேடறதுக்குச் சுலபமா இருக்கும் டாக்டர்."

"சிங்கப்பூரில இருந்து ஆரும் வந்து பார்த்தா என்ன சொல்லுவினம்?"

அப்பாசாமிக்கு வாதாடத் தெம்பில்லை. "அவங்க தேட வரமாட்டாங்க டாக்டர். பாத்துட்டுப் போயிருவாங்க," என்றார்.

டாக்டர் இலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

திருவிழா இன்னும் முடியவில்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பால்வெட்டுக்காரரை லாரியில் கொண்டுவந்தார்கள். முகம், மார்பு, உள்ளங்கை வரை முத்து. மூச்சு வாங்கியது. பெரியவர்களுக்கு இது வந்து நெஞ்சில் இறங்கினால் என்ன செய்வது என்று டாக்டர் கேட்டபோது சிவகாமியே முன்னால் வந்தாள். "நான் பார்த்துட்டு வர்றேன், டாக்டர்."

டாக்டர் அப்பாசாமியைப் பார்த்தார். அப்பாசாமி எழுந்து வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

முற்றத்தில் வெயில் அசையாமல் கிடந்தது. சிவகாமி அவரைத் தாண்டி உள்ளே போனாள். அவருக்கு எந்த அட்டை, எத்தனையாவது இடம், ஓரத்தில் மசி படிந்தது என்று எல்லாம் தெரியும். சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். வார்டில் ஆள் சாகக் கிடக்கும்போது இப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது பாவமில்லையா? கொஞ்சம் பார்ப்போம், வராவிட்டால் ஓடிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஓர் இழுப்பறை திறந்தது. அட்டைகள் சரசரவென்று புரண்டன. பிறகு அலமாரித் தட்டிலிருந்து கனமான சஞ்சிகைத் தொகுப்பு ஒன்று இறங்குகிற சத்தம்.

சிவகாமி அதன் ஒரு பக்கத்தில் விரலைச் செருகியபடி வெளியே வந்தாள். அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. பெஞ்சில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதே தெரியாதவள்போல, சப்பாத்து தரையில் அடிபட, வார்டைப் பார்த்து விரைந்துபோனாள். அவள் போன திசையையே அப்பாசாமி பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காகத்தானே இத்தனை பாடும். ஆனாலும் கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று ஒரு மூலையில் தோன்றத்தான் செய்தது.

பால்வெட்டுக்காரர் பிழைத்தார். அதற்கு அந்தக் கட்டுரை எவ்வளவு காரணம், அவருடைய நெஞ்சுரம் எவ்வளவு, சிவகாமி கோயிலில் போய்ச் சொன்னது எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டர் மட்டும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். இடமாற்றத் தாளில் கையெழுத்துப் போட்டு, மையை ஊதி உலர்த்தி நீட்டினார்.

"சந்தோஷமோ?"

"தூக்கம் வருது டாக்டர்."

ராஜரத்தினம் பெரிதாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "உம்மட இடத்துக்கு நான் ஒரு ஆளைத் தேடப்போறதில்லை. சஞ்சிகை வந்தா அட்டை எழுத சிவகாமி பழகட்டும். கதைக்கிறதுக்கு இனி ஆள் தேவையில்லைத்தானே," என்றார்.

"தேவையில்ல டாக்டர்," என்றார் அப்பாசாமி. சொல்லும்போது அந்தச் சொல் நாக்கில் ஒரு மாதிரியாக இருந்தது.

அறைக்குத் திரும்பித் தன் சாமான்களைப் பார்த்தார். எடுத்துப்போக அதிகம் ஒன்றும் இல்லை. கதவு தள்ளப்பட்டது.

"கிராணி, அந்த வெசச் செடி தின்ன—" என்று லிம் ஆரம்பித்தார்.

அப்பாசாமி நாற்காலிக் கையைப் பிடித்துப் பாதி எழுந்துவிட்டார். லிம் அவரைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. தன் வயிற்றைத் தடவிக்கொண்டே அலமாரிக்குப் போய், பானைத் தொப்புளைக் கட்டைவிரலால் ஒரு குத்துக் குத்திவிட்டு, இழுப்பறையை இழுத்து, இரண்டு அட்டை தள்ளி மூன்றாவதை உருவினார்.

"ஒக்காருங்க லா. கெடச்சிருச்சு."

போய்விட்டார். கதவு ஆடி ஆடி நின்றது. அப்பாசாமி எழுந்த பாதியிலேயே, கையை ஊன்றியபடி இருந்தார். உட்காரலாம் என்று முட்டிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. முட்டி அதை நம்பக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது.